பாமினியில் தட்டிய 14 கட்டுரைகள் இருக்கின்றன: கொழும்பு பற்றிய புளொக்கை எங்கே தொடங்குவது, எப்படி நிறுத்தாமல் கொண்டுபோவது?

வெள்ளவத்தைக்காரி (கேள்வி)

வணக்கம். கொழும்பு பற்றித் தமிழில் ஒரு தனிப்பட்ட புளொக் தொடங்கப் போகிறேன். தெருக்கள், பழைய சாப்பாட்டுக் கடைகள், புத்தகக் கடைகள், பஸ் பயணம், கோயில் திருவிழா, இடைக்கிடை வாசித்த புத்தகம், இப்படி. வேர்டில் பாமினி எழுத்துருவில் தட்டிய 14 கட்டுரைகள் கையில் உள்ளன. இருப்பது ஒரு பழைய லப்டொப், ஒரு அன்ட்ரொய்ட் போன். வருடத்துக்கு 10,000 ரூபாவுக்கு மேல் செலவழிக்க முடியாது. கோடிங் தெரியாது.

கூகுளின் புளொக்கரா, வேர்ட்பிரஸா? முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா? எத்தனை நாளுக்கு ஒரு பதிவு போடுவது சரி? இணையத்தில் மூன்று மாதத்தோடு நின்றுபோன தமிழ் புளொக்குகள் நிறையக் கிடக்கின்றன, அந்தக் கூட்டத்தில் சேராமல் இருக்க என்ன வழி? விளம்பரத்தில் காசு வருமா என்று வீட்டில் கேட்கிறார்கள், அதற்கும் ஒரு பதில் தேவை.

மெதுநடை

புளொக்கரா வேர்ட்பிரஸா என்பதற்குக் கீழே ஆட்கள் வந்து அடிபடுவார்கள், அவர்களிடமே விடுகிறேன். உங்கள் பட்டியல்தான் யோசிக்க வைக்கிறது. தெரு, சாப்பாடு, புத்தகம், பஸ், திருவிழா: ஐந்து புளொக்குக்கான சரக்கு. கொத்துக் கடை தேடி வந்தவர் அடுத்த பதிவில் நாவல் விமர்சனத்தைக் கண்டால் திரும்ப வருவது சந்தேகம். எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை உண்டு. எதையும் எழுதலாம் என்றால், ஒவ்வொரு முறையும் எதை எழுதுவது என்று அடியிலிருந்து யோசிக்க வேண்டும். புளொக்குகள் மூச்சு வாங்கி நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்.

ஒரே வரியில் எல்லை போடுங்கள். உதாரணம்: கொழும்பில் நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய ஒரு இடம், ஒரு பதிவு. கடை, கோயில், பஸ் தரிப்பிடம், புத்தகக் கடை எல்லாம் இதற்குள் வந்துவிடும். புத்தக விமர்சனம் வெளியே போகும். போகட்டும். எல்லை சரியா என்று பார்க்க ஒரு கொப்பியில் ஒரே இருப்பில் 40 தலைப்பு எழுதுங்கள். 15 இல் முட்டி நின்றால் எல்லை குறுகல், அல்லது விஷயம் உங்களுக்கு அவ்வளவு பிடித்தமில்லை. தலைப்பு என்றால் "கொட்டாஞ்சேனை" போதாது. "கொட்டாஞ்சேனையில் காலை 6 மணிக்கு முன் திறக்கும் தேத்தண்ணிக் கடைகள்" என்று இருக்க வேண்டும். அப்படி எழுதினால் என்ன பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பது தலைப்பிலேயே இருக்கும்.

14 கட்டுரை இருக்கிறதே என்று முதல் இரண்டு வாரத்தில் கொட்டிவிடாதீர்கள். தொடக்க நாளில் மூன்றைப் போடுங்கள், வருகிறவர் சுற்றிப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். மிச்சம் 11. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக விட்டால் 22 வாரம், அதாவது ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் மாதம் ஒன்று புதிதாக எழுதினாலே, பழையது தீரும்போது கையில் ஐந்து இருக்கும். கையிருப்பு மூன்றுக்குக் கீழே போனால் இடைவெளியை மூன்று வாரமாக்குங்கள், யாருக்கும் சொல்லத் தேவையில்லை. "இனி ஒவ்வொரு வெள்ளியும்" என்று எங்கும் அறிவிக்க வேண்டாம். ஒரு வெள்ளி தவறினால் கூச்சம் வரும், கூச்சத்தில் அடுத்ததும் தள்ளிப்போகும்.

நீளத்துக்கு 500 முதல் 800 சொல் தாராளம். ஆங்கில வழிகாட்டிகள் சொல்லும் 1,500 சொல்லை அப்படியே எடுக்காதீர்கள். அவர்களுக்கு மூன்று சொல்லில் வருவது நமக்கு "வீட்டில்" என்று ஒரே சொல்லில் முடிகிறது.

விசைப்பலகை

எல்லாரும் தாண்டிப்போகிற விஷயத்துக்கு வருகிறேன். அந்த 14 கட்டுரையையும் பாமினியில் இருக்கிறபடியே ஒட்டினால் வாசகருக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகளின் குப்பை. பாமினி தமிழ் எழுத்தைச் சேமிப்பதில்லை. ஆங்கில விசைக்குரிய குறியைச் சேமித்து, தமிழ் உருவத்தை மேலே காட்டுகிறது. எழுத்துரு இல்லாத போனில் முகமூடி கழன்றுவிடும். கூகுளுக்கும் அது தமிழ் அல்ல. ஆகவே முதல் வேலை யுனிகோட்டுக்கு, அதாவது எல்லாக் கருவியும் தமிழாகவே வாசிக்கும் குறிமுறைக்கு, மாற்றுவது. இணையத்தில் இலவச மாற்றிகள் பல உண்டு, ஒட்டினால் மாற்றித் தரும். அதன் பிறகுதான் உண்மையான வேலை.

பாமினியில் கமா விசையில் "இ" இருக்கிறது, அரைப்புள்ளி விசையில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறது. எனவே கட்டுரைக்கு நடுவே ஆங்கிலச் சொல்லோ, ஆங்கில எழுத்துருவில் போட்ட கமாவோ இருந்தால் மாற்றி அவற்றையும் "தமிழாக்கி"விடும். சம்பந்தமில்லாத இடத்தில் "இ" நின்றால் அது கமாவாக இருந்தது என்று அர்த்தம். ஆங்கிலத் துண்டுகளை மாற்றுவதற்கு முன் வெட்டி வேறாக வையுங்கள்.

அடுத்தது நம் தட்டச்சுப் பழக்கம். பாமினியில் "ர்" தட்டக் கனபேர் கால் விசையையும் புள்ளியையும் சேர்ப்பார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. நல்ல மாற்றி அதைப் பிடித்துத் திருத்தும், மோசமானது "அவா்கள்" என்று விட்டுவிடும். பார்வைக்கு "அவர்கள்" மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது காலும் புள்ளியும். தேடினால் அகப்படாது. "ரி", "ரீ" இரண்டுக்கும் இதே கதை: "ாி", "ாீ" என்று நிற்கும். பிழையான உருவத்தைக் கட்டுரையிலிருந்தே கொப்பி பண்ணி, தேடி மாற்றும் பெட்டியில் போட்டு, மூன்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். கூடவே "கௌரவம்" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் "ள" வும் தனித்தனியே இருக்கிறதா என்றும் பாருங்கள். "கெளரவம்" என்று எழுதியதும் கண்ணுக்கு அதேதான். ஒரு சுலபமான சோதனை: அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து அழிப்பு விசையை ஒருமுறை தட்டுங்கள். ஔகாரக் குறியென்றால் குறி முழுதாகப் போகும், "ள" என்றால் "கெ" மிஞ்சும்.

புதிதாகத் தட்ட இனிப் பாமினி எழுத்துரு வேண்டாம். விசைப் பழக்கத்தை விட வேண்டியதில்லை. பாமினி விசையமைப்பிலேயே தட்டி யுனிகோட் பெற என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. போனில் ஜிபோர்ட் அல்லது செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலி போதும். ஜிபோர்ட்டின் குரல் தட்டச்சில் தமிழ் (இலங்கை) என்ற தெரிவும் இருக்கிறது. பஸ்ஸில் குறிப்பெடுக்க உதவும். முழுக் கட்டுரையை அதில் சொல்லி எழுதப் போனால் பிறகு திருத்துவதில் இரட்டை நேரம் போய்விடும்.

வேர்டிலிருந்து நேரடியாகப் புளொக்குக்குள் ஒட்டவும் வேண்டாம். வேர்ட் தன்னுடைய எழுத்துரு, அளவு, நிறக் கட்டளைகளையெல்லாம் சேர்த்துக் கொண்டுவரும். பதிவுக்குப் பதிவு எழுத்து அளவு மாறுவது அதனால்தான். நோட்பேடில் ஒருக்கா ஒட்டி, அங்கிருந்து எடுத்துப் போடுங்கள்.

நிரந்தர முகவரி

10,000 ரூபாவுக்குள், கோடிங் இல்லாமல் என்றால் பதில் நேரானது: புளொக்கர், சொந்த டொமைனோடு (உங்களுக்கென்று காசு கட்டி எடுக்கும் இணைய முகவரி). டொட் கொம் டொமைன் வருடத்துக்கு 10 முதல் 15 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 3,000 முதல் 4,500 ரூபா. புளொக்கரில் இடத்துக்கும் சொந்த டொமைனை இணைப்பதற்கும் காசில்லை. மிச்சக் காசில் பஸ்ஸில் போய்ப் படம் எடுங்கள்.

டொமைனை முதல் நாளே வாங்குங்கள். "பிறகு பார்ப்போம்" என்று ஒரு வருடம் புளொக்கர் இலவசமாகத் தரும் புளொக்ஸ்பொட் முகவரியில் ஓடினால், மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் எல்லாம் அந்த முகவரியில் இருக்கும். புளொக்கருக்குள் இருக்கும்வரை கூகுள் அவற்றைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும். புளொக்கரை விட்டு வெளியே போகும் நாளில் அந்த வசதி போய்விடும்.

பெயர்: .இலங்கை என்ற தமிழ் மேல்நிலை டொமைன் 2010 முதல் இருக்கிறது, பார்க்க அழகு. ஆனால் தமிழ் முகவரியைக் கொப்பி பண்ணி ஒட்டும்போது பல இடங்களில் வாசிக்க முடியாத ஆங்கிலக் குறி வரிசையாக மாறும். புளொக்கின் தலைப்பைத் தமிழிலும் முகவரியை ஆங்கில எழுத்திலும் வையுங்கள். அந்தப் பெயரில் ழ, ள, ற, நெடில் வராமல் பாருங்கள். "ழ" வை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் இன்னொரு மாதிரி. பெயரை ஐந்து பேருக்குப் போனில் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஐவரும் ஒரே மாதிரி எழுதினால் வாங்கலாம்.

இணைக்கும் முறை: புளொக்கர் அமைப்புகளில் சொந்த டொமைன் என்ற இடத்தில் முன்னால் மூன்று டபிள்யூவோடு முகவரியைக் கொடுங்கள். உடனே பிழைச் செய்தி காட்டி இரண்டு சி-நேம் பதிவு (ஒரு பெயரை இன்னொரு முகவரிக்குச் சுட்டும் வரி) கேட்கும். முதலாவது எல்லாருக்கும் பொது: மூன்று டபிள்யூ என்ற பெயர் ஜிஎச்எஸ் டொட் கூகுள் டொட் கொம்மைச் சுட்ட வேண்டும். இரண்டாவது உங்கள் புளொக்குக்கு மட்டுமான சரிபார்ப்புக் குறி, திரையில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் கொப்பி பண்ணுங்கள். டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் (உங்கள் பெயரைத் தேடி வருகிறவரை எங்கே அனுப்புவது என்று எழுதும் இடம்) இந்த இரண்டையும் போட்டு, கூடவே வெறும் டொமைனுக்கு, எண் முகவரியைச் சுட்டும் நான்கு ஏ பதிவுகள்: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. ஏற்கெனவே விற்பனையாளர் போட்டு வைத்த "பார்க்கிங்" ஏ பதிவு இருந்தால் அழியுங்கள். அதை விட்டுவிட்டால் தளம் சிலருக்குத் திறக்கும், சிலருக்கு விளம்பரப் பக்கம் வரும். ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்துப் புளொக்கரில் மறுபடி சேமித்தால் ஏற்கும். பிறகு வெறும் டொமைனைத் திருப்பிவிடும் தெரிவையும், எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பையும் திறந்துவிடுங்கள். சான்றிதழ் வர ஒரு நாள் வரை ஆகலாம், அதற்குள் பதறி எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம்.

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். செய்துதரும் நண்பரின் கணக்கில் வேண்டாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு, அட்டையின் காலாவதித் திகதியையும் நினைவில் வையுங்கள். டொட் கொம் ஒன்று காலாவதியாகிச் சலுகைக் காலமும் தாண்டினால், 30 நாள் மீட்புக் கட்டத்தில் அபராதம் கட்டித்தான் எடுக்கலாம். அதுவும் போனால் யாரும் வாங்கிக்கொள்ளலாம்.

சேர்வர் அறை

நிரந்தர முகவரி சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. புளொக்கரில் நீங்கள் வாடகையில்லாக் குடித்தனம்: வீட்டுக்காரர் கூகுள், கணக்கு முடங்கினால் வீடும் முடங்கும். கருத்துப் பெட்டி பழசு, டெம்ப்ளேட்டுகளும் (பக்க வடிவமைப்புகள்) பழசு. 2019 இல் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தை மூடியபோது அதன் வழியே புளொக்கரில் வந்திருந்த கருத்துகள் எல்லாம் போயின. 2021 இல் கூகுளின் ஃபீட்பேர்னர் சேவை தந்த மின்னஞ்சல் சந்தாவும் நின்றது. இலவச டெம்ப்ளேட்டுகள் சிலவற்றில் அந்தச் செத்த சந்தாப் பெட்டி இன்னும் தொங்குகிறது, கண்டால் கழற்றிவிடுங்கள்.

ஆனாலும் 10,000 ரூபா என்ற கணக்கில் சொந்த ஹோஸ்டிங்கில் (வாடகைக்கு எடுத்த சேர்வர் இடத்தில்) ஓடும் வேர்ட்பிரஸ் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விளம்பரத்தில் மாதம் 2, 3 டொலர் என்று காட்டுவது முதல் தவணைக்கு. புதுப்பிக்கும்போது அது மூன்று மடங்காவது சாதாரணம். மாதம் 8 டொலர் என்றால் வருடம் 96 டொலர், ஏறக்குறைய 29,000 ரூபா. வேர்ட்பிரஸ் டொட் கொம்மின் இலவசத் திட்டத்தில் 1 ஜிபி இடம் உண்டு, ஆனால் அவர்களுடைய விளம்பரம் ஓடும், சொந்த டொமைனுக்குக் காசு கட்ட வேண்டும். அதைவிடப் புளொக்கரே மேல்.

ஆகவே புளொக்கரில் தொடங்குங்கள், வெளியேறும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்தக் கதவு பதிவின் முகவரியில் இருக்கிறது. தமிழ்த் தலைப்புக் கொடுத்தால் புளொக்கருக்கு அதை முகவரியாக்கத் தெரியாது, எல்லாவற்றுக்கும் புளொக்-போஸ்ட் என்று பெயரிட்டுப் பின்னால் எண் ஒட்டும். வெளியிடுவதற்கு முன் வலப்பக்கப் பட்டையில் நிரந்தர இணைப்பு என்பதைத் திறந்து, ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல் சிறு கோடிட்டு எழுதுங்கள். வெளியிட்ட பின் மாற்றினால் அதுவரை பகிர்ந்த இணைப்பெல்லாம் உடையும்.

வேர்ட்பிரஸ்ஸில் நேரெதிர்க் கோளாறு. அது தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். ஒரு தமிழ்க் குறி (எழுத்து ஒன்று, அதனோடு ஒட்டும் கால், கொம்பு, புள்ளி இன்னொன்று) முகவரிக்குள் 9 ஆங்கிலக் குறிகளாக விரியும், தரவுத்தளத்தில் அதற்கு ஒதுக்கியது 200 இடம். 22 குறியோடு வெட்டு விழும். "கொழும்பு" என்ற ஒரு சொல்லே 8 குறி பிடிக்கும், மிச்சத்தை நீங்களே கணக்குப் பாருங்கள். அங்கேயும் கையால் ஆங்கில எழுத்தில் கொடுப்பதுதான் வழி.

நாளைக்கு வசதி வந்து மாறும்போது, வேர்ட்பிரஸ்ஸில் இணைப்பு அமைப்பை வருடம், மாதம், பெயர், கடைசியில் டொட் எச்டிஎம்எல் என்று அமைக்கலாம். புளொக்கர் முகவரியும் அதே வடிவம்தான். சொந்த டொமைன் இருந்தால் பழைய இணைப்பு ஒன்றும் உடையாமல் வீடு மாறலாம். இதற்காகவாவது அந்த 4,000 ரூபாவைச் செலவழிக்க வேண்டும்.

வெள்ளவத்தைக்காரி

எல்லாருக்கும் நன்றி. புளொக்கரும் டொமைனும் என்று முடிவெடுத்துவிட்டேன். கமாவெல்லாம் "இ" யாக நிற்பதை இப்போதுதான் கவனித்தேன்! இன்னும் இரண்டு சந்தேகம். ஆட்கள் எப்படி வந்து சேருவார்கள்? கடைகளின் படங்கள், பழைய பத்திரிகைத் துண்டுகள் போடுவதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா? என் போன் நம்பர் வெளியே போவதும் எனக்கு விருப்பமில்லை.

கொம்பனித்தெரு

உங்கள் விஷயத்தில் தேடலின் முடிச்சு இடப்பெயர்கள். செட்டியார் தெரு ஆங்கிலத்தில் சீ ஸ்ட்ரீட். புறக்கோட்டை, பெட்டா. என் பெயரில் உள்ள இடத்தை ஆங்கிலத்தில் ஸ்லேவ் ஐலண்ட் என்று தேடுகிறவர் இருக்கிறார், சிங்களப் பெயரில் தேடுகிறவரும் இருக்கிறார். வீதிகளின் பெயரும் மாறியிருக்கின்றன: ரீட் அவெனியூவின் ஒரு பகுதி இப்போது பிலிப் குணவர்தன மாவத்தை, டரட் றோட் தர்மபால மாவத்தை. பழைய பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவிலும் முதல் பத்திக்குள் இடத்தின் தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்தில் ஒருமுறை, பழைய பெயர் ஒருமுறை. அதற்கு மேல் திரும்பத் திரும்பப் போட்டால் வாசிக்கச் சலிக்கும். தலைப்பில் இடத்தின் பெயர் முதல் மூன்று சொல்லுக்குள் வரட்டும். தமிழ் எழுத்து அகலமானது, தேடல் பக்கத்தில் தலைப்பின் வால் வெட்டுப்படும்.

தொடங்கிய அன்றே கூகுள் சேர்ச் கொன்சோலில் (தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி) டொமைனைப் பதிந்து, பக்கங்களின் பட்டியலான சைட்மப்பின் முகவரியைக் கொடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை திறந்தால் போதும். என்ன சொல் தேடி உங்கள் பக்கம் காட்டப்பட்டது, ஆனால் யாரும் அழுத்தவில்லை என்று அதில் தெரியும். அந்தச் சொற்கள்தான் அடுத்த தலைப்புகள்.

படங்கள்: போனில் எடுத்த படம் 3, 4 எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால் டேட்டாவில் வாசிப்பவர் பாதியில் போய்விடுவார். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள். முதல் படத்தை 1200 க்கு 630 என்ற அளவில் வெட்டி வைத்தால் வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் முன்னோட்டம் தலை வெட்டுப்படாமல் வரும். போன் கமராவில் இடக்குறிப்பு திறந்திருந்தால் படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு இருக்கும். கடைப் படமென்றால் பரவாயில்லை, வீட்டு பல்கனியிலிருந்து எடுத்த மழைப் படமென்றால் உங்கள் முகவரியே போகிறது. கமரா அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள்.

போன் நம்பர் விஷயத்தில் வட்ஸ்அப் சனல் நல்லது. பின்தொடர்பவர்களுக்கு உங்கள் நம்பர் தெரியாது. குழுவில் எல்லாருக்கும் தெரியும். புரோட்காஸ்ட் பட்டியலோ 256 பேர்தான், அதுவும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும் போய்ச்சேரும். போனிலிருந்து புளொக்கர் இணைப்பைக் கொப்பி பண்ணினால் கடைசியில் கேள்விக்குறியும் "எம்=1" என்பதும் ஒட்டிக்கொண்டு வரும், அதை வெட்டிவிட்டுப் பகிருங்கள். முகநூலில் வெறும் இணைப்பைப் போடாமல், பதிவின் மிகச் சுவையான நான்கு வரியையும் ஒரு படத்தையும் போட்டு, இணைப்பைக் கீழே வையுங்கள்.

டெம்ப்ளேட்டில் மூன்றே திருத்தம்: எழுத்து 17 அல்லது 18 பிக்சல், வரி உயரம் 1.7, இருபக்கச் சீரமைப்பை எடுத்துவிடுதல். நம் சொற்கள் நீளம். போன் அகலத்தில் இரு பக்கமும் இழுத்தால் சொற்களுக்கிடையே ஆறு ஓடும். சாய்வெழுத்தும் தமிழுக்குப் பொருந்தாது, அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்து.

நாலாம் மாடி வாசகன்

சட்டப் பக்கம் சுருக்கமாக. பத்திரிகைத் துண்டுக்கும் படத்துக்கும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பொருந்தும். ஆசிரியர் பெயர் உள்ள ஆக்கத்துக்கு உரிமை அவர் வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும். விமர்சனத்துக்காகவோ ஆய்வுக்காகவோ சில வரி மேற்கோள் காட்டலாம், மூலத்தைச் சொல்லி. முழுப் பக்கத்தை ஸ்கான் பண்ணிப் போடுவது வேறு கதை. பழைய இதழ் "நூலகம்" என்ற இணையத்தளத்தில் இருந்தால், படத்தைத் திரும்ப ஏற்றாமல் அங்கே இணைப்புக் கொடுங்கள், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்து வருகிறார்கள். அங்கே இல்லாததற்கு வெள்ளவத்தையில் உங்களுக்குப் பக்கத்திலேயே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. 1942 இல் தொடங்கிய சங்கம்.

குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டது, ஆனால் சிவில் வழக்குப் போடலாம். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இப்போது இருக்கிறது. உங்கள் பாணிப் பதிவுக்கு நடைமுறையில் அர்த்தம் இது: "அந்தக் கடையில் சாப்பாடு எனக்குப் பிடிக்கவில்லை" என்பது கருத்து, "அங்கே பழுதான இறைச்சி போடுகிறார்கள்" என்பது நிரூபிக்க வேண்டிய குற்றச்சாட்டு. கருத்துப் பெட்டியில் மற்றவர் எழுதினாலும் தொங்குவது உங்கள் வாசலில். அதனால் கருத்துகளைப் பார்த்து அனுமதிக்கும் முறையில் வையுங்கள். பெயரில்லாதவர்களையும் எழுத விடலாம். கூகுள் கணக்குக் கட்டாயம் என்றால் பாதிப்பேர் எழுதாமலே போவார்கள்.

ஆட்களின் முகம் தெரிய எடுக்கும்போது கேளுங்கள். கோட்டை, துறைமுகப் பக்கம் சீருடைக்காரர் நிற்கும் இடத்தில் படம் எடுக்க முன்னும் கேளுங்கள்.

மெதுநடை

மூன்றாம் மாதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதைப் பாதியில் விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் ஆளை வீழ்த்துவது எண்ணிக்கை. புளொக்கர் காட்டும் பார்வை எண்ணில் இயந்திரங்களும் சேரும், நீங்களே திறந்து பார்த்ததும் சேரும். முதலில் உங்கள் பார்வையைக் கணக்கெடுக்காத தெரிவைப் போடுங்கள். தொடக்கப் பரபரப்பில் நண்பர்கள் வந்து போவார்கள், பிறகு எண் விழும். தேடல் வழியாக ஆட்கள் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம்தான் அந்த மூன்றாம் மாதம். தினமும் எண்ணைப் பார்ப்பவருக்கு அது தோல்வி மாதிரித் தெரியும்.

அந்தக் காலத்தில் செய்யக்கூடிய நல்ல வேலை பழைய பதிவைத் திருத்துவது. கடை மூடியிருக்கும், விலை ஏறியிருக்கும், பஸ் பாதை மாறியிருக்கும். ஒவ்வொரு பதிவின் அடியிலும் "நேரில் பார்த்தது: மாதம், வருடம்" என்று ஒரு வரி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருக்கா சரிபார்த்து, அதே முகவரியிலேயே திருத்துங்கள். புதுப் பதிவாகப் போட்டால் பழையதற்குக் கிடைத்த தேடல் இடம் வீணாகும். புதிதாக எழுத மனம் வராத வாரத்தில் இதைச் செய்தாலும் புளொக் உயிரோடுதான் இருக்கிறது.

எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். மறுநாள் போனில், வாசகர் பார்க்கிற அதே சின்னத் திரையில், வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வசனத்தை உடையுங்கள்.

வீட்டில் கேட்பவர்களுக்கான பதில்: கூகுளின் விளம்பரச் சேவையான அட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்கிறது. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்த "பின்" எனப்படும் இரகசிய இலக்கத்தைத் தபாலில் அனுப்புவார்கள், ஒழுங்கை இலக்கமும் 00600 என்ற தபால் குறியீடும் சரியாக இருக்க வேண்டும். 100 டொலர் சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும். கொழும்பின் தெருக்களைப் பற்றிய ஒரு தமிழ் புளொக்குக்கு அந்த 100 டொலர் வருடக்கணக்கில் எடுக்கலாம். முதல் வருடம் விளம்பரமே போடாதீர்கள், பக்கம் வேகமாகத் திறக்கும்.

சேர்வர் அறை

பக்கப் (நகல் எடுத்து வைப்பது) பற்றி யாரும் சொல்லவில்லையே! புளொக்கர் அமைப்புகளில் உள்ளடக்கத்தைத் தரவிறக்கும் வசதி உண்டு. பதிவு, பக்கம், கருத்து எல்லாம் வரும், ஆனால் படங்களுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். ஆகவே மூலப் படங்களைப் பதிவின் பெயரில் ஒவ்வொரு ஃபோல்டராகத் தனியே வையுங்கள். டெம்ப்ளேட்டுக்கு வேறு பக்கப், தீம் பக்கத்தில். மாதம் ஒருமுறை, லப்டொப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. பழைய லப்டொப் என்கிறீர்கள், பென் டிரைவை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, அமைப்புகளில் அனுமதிகள் என்ற இடத்தில் உங்களுடைய இரண்டாவது கூகுள் கணக்கு ஒன்றையும் நிர்வாகியாகச் சேருங்கள். ஒன்று பூட்டுப்பட்டால் மற்றதால் உள்ளே போகலாம். இரண்டிலும் இரு-படி உறுதிப்படுத்தலைப் போட்டு, அவசரக் குறிகளைத் தாளில் எழுதி வையுங்கள்.

விசைப்பலகை

டொமைன் வாங்கப் போகும் முன் ஒரு சின்ன விஷயம். உங்கள் டெபிட் காட்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கோ. பல வங்கிகள் அதைப் பூட்டித்தான் காட் தருவார்கள், செயலியிலோ அழைப்பிலோ திறக்கச் சொல்ல வேண்டும். காசு கட்டும் பக்கத்தில் டொமைனோடு ஹோஸ்டிங், மின்னஞ்சல், பாதுகாப்பு என்று நாலைந்து பெட்டி ஏற்கெனவே டிக் அடித்து நிற்கும். டொமைனையும், இலவசமென்றால் விலாச மறைப்பையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டுக் கட்டுங்கோ.

வெள்ளவத்தைக்காரி

காட் பூட்டியேதான் இருந்தது, திறக்கச் சொல்லிவிட்டேன். பெயரை ஐந்து பேருக்குச் சொல்லிப் பார்த்ததில் மூன்று பேர் மூன்று மாதிரி எழுதினார்கள். வேறு பெயர் தேடுகிறேன். 40 தலைப்பில் 31 வந்திருக்கிறது.